சந்தைத் திடலில் நிழலுக்கு யார் பொறுப்பு? 2017 விதிகளும் ஒரு வெயில் நாளும்

கால்நடைச் சந்தைக்கு வரும் விலங்குக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், படுக்க இடம் வேண்டும் என்று இந்தியாவில் ஒருமுறை விரிவாகவே எழுதி அரசிதழில் வெளியிட்டார்கள். தேதி 2017 மே 23. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழ் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகள் அவை. குடிநீர், தீவனம், மின்விசிறி, படுக்கை, ஏற்றி இறக்கச் சாய்தளம், வழுக்காத தரை, நோயுற்றவற்றுக்கும் சினை மாடுகளுக்கும் தனி இடம், கால்நடை மருத்துவ வசதி என்று அந்தப் பட்டியல் நீண்டது. கொம்புக்குச் சாயம் பூசக் கூடாது, காதை அறுக்கக் கூடாது, கன்று குடிக்காதபடி மடிக்காம்பை அடைக்கக் கூடாது என்றும் இருந்தது. இவற்றையெல்லாம் கவனிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு.

இந்தப் பட்டியலைப் படித்தவர்கள் மிகச் சிலர். அதே விதிகளின் 22-ஆம் பிரிவு, இறைச்சிக்கு வெட்டுவதற்காக மாட்டைச் சந்தையில் விற்கக் கூடாது என்றது. வேளாண் பயன்பாட்டுக்கே வாங்குகிறேன் என்று எழுத்தில் உறுதி கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெட்டு தொடர்பான பிரிவுகளுக்கு நான்கு வாரம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. விதிகளை மறுபரிசீலனை செய்வதாக ஒன்றிய அரசு அங்கே தெரிவித்தது. 2018 மார்ச்சில், வெட்டுத் தடையை நீக்கிய புதிய வரைவு ஒன்று வெளியானது.

தடை விழுந்தது வெட்டு பற்றிய வரிகள் மீது. நடைமுறையில் மூடப்பட்டது முழுப் புத்தகம். நிழலும் தண்ணீர்த் தொட்டியும் எந்த நீதிமன்றத்திலும் தோற்கவில்லை. அவற்றைப் பற்றி யாரும் வாதாடவே இல்லை.

எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். பால் வற்றிய மாட்டை விற்க முடியாவிட்டால் சிறு விவசாயி அடுத்த மாட்டை வாங்க முடியாது. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தை இருக்கக் கூடாது என்ற இன்னொரு விதியும் அதில் இருந்தது. கேரள வியாபாரிகளை நம்பி நடக்கும் பொள்ளாச்சிச் சந்தை அந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. அதை அப்படியே அமல்படுத்தியிருந்தால் செவ்வாயும் வியாழனும் அங்கே கூடும் கூட்டம் எங்கே போயிருக்கும்? ஆனால் மாட்டை விற்கும் உரிமைக்காகப் பேசியவர்களும், மாட்டைக் காக்கப் பேசுவதாகச் சொன்னவர்களும், விற்கப்படும் நாளில் அந்த மாடு எங்கே நிற்கிறது என்று கேட்காமலே கலைந்து போனார்கள். இந்த ஆய்வு அந்த ஒரு நாளைப் பற்றியது.

ஒரு சந்தை நாள்

கொங்குப் பகுதியில் கோடைக்காலத்தில் கூடும் ஒரு வாரச் சந்தையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இதே அமைப்பில் தமிழ்நாட்டில் பல சந்தைகள் இருக்கின்றன. கம்பி வேலி போட்ட திடல், ஒரு நுழைவாயில், சுங்கச் சீட்டு கிழிக்கும் மேசை, தேநீர்க் கடைகள், கயிறும் சலங்கையும் விற்கும் கடைகள், ஓரமாக நாலைந்து மரங்கள்.

சந்தை விடியலில் கூடுகிறது. ஆனால் மாட்டுக்கு அந்த நாள் முந்தைய மாலையே தொடங்கிவிடுகிறது. மினி லாரியில் ஏற்றுவார்கள். வெயிலில் நாளெல்லாம் நின்ற உடம்பு, சேர்த்து வைத்த சூட்டை இரவில்தான் வெளியே விடும். திறந்த வெளியில் படுத்து அசைபோடும் மாடு விடியும்போது ஓரளவு தணிந்திருக்கும். பக்கத்து மாட்டோடு ஒட்டி நின்றபடி, குலுங்கும் வண்டியில் இரவைக் கழித்த மாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நேற்றைய வெயிலையும் சுமந்துகொண்டே அது சந்தைக்குள் இறங்குகிறது.

இறங்கியதும் முளைக்குச்சியில் கட்டிவிட்டு, தவிடும் பிண்ணாக்கும் கரைத்த தண்ணீர் காட்டுகிறார்கள். வயிறு நிறைந்து தெரிந்தால் விலை நிற்கும். தீனி செரிக்கும்போது மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. தின்ற 4 முதல் 6 மணி நேரத்தில் அந்த உள்வெப்பம் உச்சத்துக்குப் போகிறது. காலை 6 மணிக்குக் காட்டிய தீனி, 11 மணி வெயிலோடு சேர்ந்து வயிற்றுக்குள் அடுப்பு மூட்டியதுபோல வேலை செய்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்த தீனிதான். நேரம்தான் தவறு. தீனியை முந்தைய இரவே வைத்துவிட்டு, காலையில் வெறும் தண்ணீரைத் தாராளமாகக் காட்டுவது மேல்.

விடியலில் சந்தை அழகாக இருக்கும். வயதை அறியப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று குரல்கள் கேட்கும். சுழி பார்ப்பவர் முதுகைத் தடவிக்கொண்டே சுற்றி வருவார். துண்டுக்கு அடியில் தரகரின் விரலும் வியாபாரியின் விரலும் பேசிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் விவசாயிக்குக்கூட அந்தத் தொகை தெரியாது. 8 மணிவரை எல்லாம் சுமுகம்.

கறவை மாடுகள் நிற்கும் வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்ற வெளிநாட்டுக் கறவை இனம்) கலப்பினப் பசு. கறுப்பு வெள்ளைத் தோல். முந்தைய நாள் மாலையிலிருந்து கறக்கவில்லை. மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. காம்புகள் பக்கவாட்டில் விரிந்து நிற்கின்றன. பின்னங்கால்களை அகட்டி வைத்திருக்கிறது. நான்கு முழம் தள்ளி அதன் கன்று, வாய்க்கூடு போட்டபடி. 9 மணிக்கு அந்தப் பசு அசைபோடுவதை நிறுத்துகிறது. 10 மணிக்குத் தலையைத் தாழ்த்தி, முன்னால் நிற்கும் மாட்டின் நிழலுக்குள் முகத்தை நுழைக்கப் பார்க்கிறது. விலா ஏறி இறங்குவதை எண்ணலாம். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் உடம்பு திணறுகிறது என்று பொருள். வாய் திறந்து, எச்சில் நூலாக ஒழுகி, நாக்கு வெளியே வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது. 38.5 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் வெப்பம் 41-ஐ நெருங்கும்போது உயிருக்கே ஆபத்து.

வெயிலின் கடுமையை வெப்பமானியில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப-ஈரப்பதக் குறியீடு ஒன்றைக் கால்நடைத் துறையினர் பயன்படுத்துகிறார்கள். எச்.எப். போன்ற கறவை இனங்களுக்கு அது 72-ஐத் தாண்டினாலே அயர்ச்சி தொடங்குகிறது. 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணக் காலை நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 80 வருகிறது. 38 டிகிரியும் 35 சதவீதமும் என்றால் 85. அதாவது கோடையில் கூடும் எங்கள் பகுதிச் சந்தையில் கலப்பினப் பசு நிம்மதியாக மூச்சுவிடும் நேரம் என்று ஒன்று பகலில் இல்லவே இல்லை.

எருமையின் நிலை இன்னும் மோசம். கறுத்த தோல் வெயிலை வாங்குகிறது. வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிட மிகக் குறைவு. இயற்கை அதற்குக் கொடுத்த வழி குட்டையில் இறங்கிக் கிடப்பது. சந்தையில் குட்டை ஏது? உச்சி வெயிலில் கட்டிய எருமையின் முதுகில் கையை வைத்துப் பாருங்கள், தானாகவே கையை எடுத்துவிடுவீர்கள்.

காங்கேயம் போன்ற நாட்டு மாடுகள் இந்த வெயிலுக்குப் பழகியவை. அதைச் சொல்லியே அவற்றைக் கவனிக்காமல் விடும் பழக்கம் இருக்கிறது. அவை எங்கே பழகின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே ஆங்காங்கே நிற்கும் வெள்வேல மரத்தடியில் பழகின. வெயில் ஏறினால் மாடு தானாக நிழலுக்கு நடக்கும். வெள்வேலங்காய் உதிர்ந்தால் பொறுக்கித் தின்னும். அங்கே அதன் கழுத்தில் கயிறு இல்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் தேரை ஒட்டிக் கூடும் காங்கேயம் மாட்டுச் சந்தை, ஆண்டின் உச்ச வெயிலில்தான் நடக்கிறது. கட்டிப்போட்ட விலங்கு தானாக நிழலைத் தேடிப் போக முடியாது. அதைக் கட்டியவர்தான் நிழலைக் கொண்டுவர வேண்டும். நாட்டு இனம் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஓடியாடித் திரியும் மாட்டுக்கான உண்மை.

விற்றுப்போன மாடு

சந்தையில் அதிகம் அவதிப்படுவது விற்காத மாடு என்று தோன்றும். உண்மையில் முதலில் விற்றுப்போன மாடுதான். வெளிமாநில வியாபாரி ஒரு லாரிக்கு வேண்டிய மாடுகளை ஒவ்வொன்றாக வாங்குகிறார். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழன்தோறும் கூடும் சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்கள். இத்தனை தூரம் வருகிறவர் லாரி நிறையாமல் கிளம்ப முடியாது. எனவே எந்தச் சந்தையானாலும், காலை 6 மணிக்கு வாங்கிய மாடு லாரி நிறையும்வரை ஓரமாகக் கட்டிக் கிடக்கிறது. விற்றவர் பணத்தை மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார். வாங்கியவர் அடுத்த மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கயிற்றைப் பிடித்திருப்பவர் கூலிக்கு நிற்கும் ஆள். தாகம் எடுத்தால் அந்த மாடு யாரைப் பார்த்துக் கத்தும்?

பிறகு ஏற்றுகிறார்கள், உச்சிப்பொழுதில். ஏற்றிய லாரி உடனே கிளம்பினால் காற்றாவது கிடைக்கும். சீட்டு, கணக்கு, சாப்பாடு என்று அது வெயிலிலேயே நிற்கிறது. நிற்கும் லாரிக்குள் உடம்புகளின் சூடு வெளியேற வழி கிடையாது. இரக்கப்பட்டு யாராவது ஒரு குடம் தண்ணீரை உள்ளே வீசுவார்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகி ஈரப்பதத்தை ஏற்றி, மூச்சை இன்னும் முட்டவைக்கும். தண்ணீர் ஊற்றுவதானால் காற்று வீசும் வெளியில், ஏற்றுவதற்கு முன்பே காலிலிருந்து மேலாக நனைக்க வேண்டும்.

வெயிலுக்கு ஒரு விலையும் உண்டு. சந்தையில் பெரும்பாலும் மாட்டை எடை போட்டு வாங்குவதில்லை, கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள். 7 மணிக்குக் காது விறைத்து நின்ற மாடு 12 மணிக்குத் தலை தொங்கி நிற்கிறது. மாடு அதேதான், விலை மட்டும் அதே இல்லை. விற்க வந்தவர் பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேடி வந்தவர். திரும்ப ஏற்றிக்கொண்டு போக வண்டி வாடகை இல்லை. இது எதிரில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். 'கொஞ்சம் பொறுங்க, பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். வெயில் ஏற ஏறப் பேரத்தில் அவர் கை ஓங்குகிறது. சந்தையில் நிழல் போடுவது மாட்டுக்குச் செய்யும் கருணை மட்டுமல்ல, விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய நியாய விலையும் அதில் அடங்கியிருக்கிறது. கால்நடை நலம் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். சொல்லியிருந்தால் 2017-இல் விவசாயிகளே அந்தப் பட்டியலுக்காக நின்றிருப்பார்கள்.

பொறுப்பு எங்கே நழுவுகிறது

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடுக்காமல் விடுவதை வதை என்றே சொல்கிறது. ஆனால் யார் கொடுக்காமல் விட்டால்? விலங்கின் உரிமையாளர். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதே உச்சவரம்பு. இன்று சந்தை வாசலில் இரண்டு பேர் பஜ்ஜியும் தேநீரும் சாப்பிட்டால் 50 ரூபாய் தீர்ந்துவிடும்.

தொகையைவிட அந்த 'உரிமையாளர்' தான் சிக்கல். சந்தை நாளில் ஒரு மாட்டின் உரிமை ஒருமுறை, சில நேரம் இரண்டு மூன்று முறைகூடக் கைமாறுகிறது. விற்பவர் தன் ஊரில் நிழல் வைத்திருக்கிறார், சந்தைத் திடல் அவருடையதல்ல. வாங்குபவர் தன் ஊரில் கொட்டில் வைத்திருக்கிறார். திடல் உள்ளாட்சிக்குச் சொந்தம். அது ஆண்டுக்கு ஒருமுறை சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குத்தகை எடுத்தவருக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, கட்டிய பணத்தை மீட்க ஓராண்டுதான் அவகாசம். வேப்பங்கன்று நிழல் தர ஐந்தாறு ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டு யார் கையில் போகும் என்று தெரியாத திடலில் மரம் நட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? அவரைத் திட்டிப் பயனில்லை. ஏலத்தின் அமைப்பே அப்படி.

2017 விதிகளின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. அவை நிழலையும் நீரையும் உரிமையாளரின் தலையில் மட்டும் கட்டாமல், சந்தை என்ற இடத்தின் கடமையாக மாற்றின. மாடு யாருடையதாக இருந்தாலும், திடலுக்குள் நிற்கும்வரை திடல் அதற்குப் பொறுப்பு. எளிய கருத்துதான். அதைத்தான் இழந்தோம்.

அதே சட்டத்தின் கீழ் வந்த வேறு விதிகளில் இதற்கு நேர்மாறான கோளாறு இருக்கிறது. விலங்குகளை நடத்தி ஓட்டிச் செல்வது பற்றிய 2001-ஆம் ஆண்டு விதிகள் துல்லியமானவை. பசு ஒரு நாளில் 30 கிலோமீட்டர், 8 மணி நேரம். எருமை 25 கிலோமீட்டர். கன்றுகள் 16 கிலோமீட்டர், 6 மணி நேரம். பசுவுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை தண்ணீர், நான்கு மணிக்கு ஒருமுறை தீனி. பசு, எருமை, ஆடு ஆகியவற்றை 12 முதல் 30 டிகிரி வரையிலும், கன்றுகளையும் குட்டிகளையும் 15 முதல் 25 டிகிரி வரையிலும் மட்டுமே நடத்தலாம். சூரியன் உதிக்கும் முன்பும் மறைந்த பின்பும் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு வரியும் விலங்கின் நன்மைக்கே. ஆனால் வெப்ப வரம்பையும் இந்த நேர வரம்பையும் சேர்த்து வைத்து, சித்திரை மாதத்துத் தமிழ்நாட்டில் பொருத்திப் பாருங்கள். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் 30 டிகிரி தாண்டிவிடும். கன்றுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது. விடியற்காலை வெப்பமே 25-ஐத் தாண்டி நிற்கும். கோடையில் ஆட்டிடையர்கள் நிலவு வெளிச்சத்தில் மந்தை ஓட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. விதி அதைத் தடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சாத்தியமே இல்லாத ஒன்றைச் சொல்கிறது. கடைப்பிடிக்க முடியாத விதியை யாரும் கடைப்பிடிக்கவில்லை. அதோடு, கடைப்பிடிக்க முடிந்த தண்ணீர் விதியும் மறக்கப்பட்டது.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. திடல் சேறாகிவிடும். மாடு படுக்க மறுத்து நின்றுகொண்டே இருக்கும். குளம்பு ஊறி நோய் பிடிக்கும். நனைந்த ஆட்டுக்குட்டிகள் இரவு வண்டியில் குளிர்காற்றில் பயணம் செய்து, இரண்டொரு நாளில் மூக்கொழுகிச் சளி முற்றிச் சாகின்றன. அது சந்தைக் கணக்கில் வராது, வாங்கியவர் வீட்டுக் கணக்கில் வரும். ஆற்றங்கரைச் சந்தைகளுக்கு வெள்ளமும் ஒரு கவலை. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது காவிரிக் கரையின் தாழ்வான குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அணை திறப்பு அறிவிப்பு சந்தைக்காரர்கள் காதுக்கு முந்தைய நாளே போய்ச்சேர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்கிறார்கள்

வெயிலிலும் சந்தை அளவிலும் நமக்கு ஒப்பிடத் தக்க நாடு அது. அங்கே போக்குவரத்துத் தரநிலைகளில் ஒவ்வொரு இனமும் தண்ணீர் இல்லாமல் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கு 48 மணி நேரம். நம் வெயிலுக்கு இது மிக அதிகம், அங்கேயே இதை விமர்சிப்பவர்கள் உண்டு. என் கவனத்தை ஈர்த்தது வேறு. சந்தைத் தொழுவத்தில் தண்ணீர் இல்லாமல் நின்ற நேரமும் அந்தக் கணக்கில் சேரும். அனுப்புபவர், வண்டிக்காரர், சந்தையை நடத்துபவர், வாங்குபவர் என்று பொறுப்பு கைமாறும் இடங்கள் எழுத்தில் இருக்கின்றன. கொடும் வெயில் முன்னறிவிப்பு வந்தால் விற்பனையை அதிகாலைக்கு மாற்றுவதோ தள்ளிவைப்பதோ உண்டு. விக்டோரியா மாநிலத்தின் பல்லராட்டில் பழைய திறந்தவெளித் தொழுவத்தை விட்டுவிட்டு, 2018-இல் ஊருக்கு வெளியே கூரை போட்ட புதிய சந்தைக்கு மாறினார்கள். அவர்கள் பணக்கார நாடு, பெரிய கூரை போடுவார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கூரையை அல்ல. யார் கையில் எப்போது பொறுப்பு என்று எழுதி வைத்த அந்தத் தாளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு திடலுக்கு என்ன வேண்டும்

300 மாடு கூடும் சந்தை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு நிற்கவும் படுக்கவும் 4 சதுர மீட்டர் நிழல் என்றால் மொத்தம் 1,200 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சென்ட். ஏக்கர் கணக்கில் பரந்த திடலில் இது ஒரு மூலை. நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல் வலையே தொடக்கத்துக்குப் போதும். தகரக் கூரை போடுவதானால் தாழ்வாகப் போட்டுவிடக் கூடாது. காய்ந்த தகரம் கீழே நிற்கும் மாட்டின் முதுகுக்குச் சூட்டை இறக்கும். குறைந்தது 3 மீட்டருக்கு மேல் உயரம், கிழக்கு மேற்காக நீளம், நான்கு பக்கமும் காற்று நுழைய வழி, மேலே வெள்ளைப் பூச்சு. சுவர் வேண்டவே வேண்டாம். வலைக்கு அடியிலேயே வேம்பும் புங்கனும் வாகையும் நட்டுவிட்டால், வலை கிழியும் காலத்தில் மரம் நிழல் கொடுக்கத் தொடங்கியிருக்கும்.

தண்ணீர்: தலைக்கு 40 லிட்டர் என்றாலும் 300 மாட்டுக்கு 12,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி. ஒரே பெரிய தொட்டியாகக் கட்டினால் வாயில் பக்கம் நிற்பவைக்கு மட்டும் கிடைக்கும். கட்டிய மாட்டை அவிழ்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் யாரும் தொட்டிக்குப் போக மாட்டார்கள், இடம் போய்விடும் என்ற பயம். வரிசைக்கு ஒரு சிறு தொட்டி, பக்கத்தில் நாலு வாளி. கொள்முதல் செய்த மாடுகளைக் கட்டும் ஓரத்துக்குத்தான் முதல் தொட்டி.

இதையெல்லாம்விட மலிவானது நேரம். செஞ்சியிலும் அய்யலூரிலும் ஆட்டுச் சந்தைகள் அதிகாலை இருட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. வெயில் ஏறும்போது பெரும்பாலான ஆடுகள் கைமாறியிருக்கும். எந்த அதிகாரியும் சொல்லி வந்த ஏற்பாடு அல்ல. மாட்டுச் சந்தையால் இதை முழுதாகப் பின்பற்ற முடியாது. பல் பார்க்கவும் நடை பார்க்கவும் கறந்து பார்க்கவும் வெளிச்சம் வேண்டும், லாரி நிறையவும் நேரமாகும். ஆனால் நல்ல மின்விளக்குகள் போட்டு 4 மணிக்குத் தொடங்கி, 10 மணிக்குப் பேரத்தை முடித்து, ஏற்றுவதைப் பிற்பகல் 4 மணிக்குமேல் என்று வைத்தால் உச்சி வெயில் ஆறு மணி நேரமும் மாடு நிழலில் நிற்கும். வியாபாரிக்கு ஒரு பகல் காத்திருப்பு கூடும். வெயிலில் ஏற்றி வழியில் ஒரு மாடு சுருண்டு விழுந்தால் வரும் நட்டம் அந்தக் காத்திருப்பைவிடப் பெரிது என்று பழுத்த வியாபாரிகளுக்குத் தெரியும்.

சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவிக்கிறது. மாட்டுக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. சந்தைக்கென்று தனி அளவுகோல் வேண்டும்: முன்னறிவிப்பு 38 என்றால் நேரமாற்றம் கட்டாயம், 41 என்றால் கறவை மாடும் எருமையும் அந்த வாரம் கிடையாது என்பது போல. இந்த எண்கள் என் பரிந்துரை, கால்நடை மருத்துவர்கள் திருத்தட்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த எண்ணைச் சுங்கச் சீட்டின் பின்பக்கம் அச்சிட என்ன செலவு?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. சந்தைத் திடலில் மாட்டோடு சேர்ந்து அதே வெயிலில் நிற்பவர்கள் கயிறு பிடிக்கும் கூலிகள், ஏற்றி இறக்குபவர்கள், சுமைக்கூலிக்கு வரும் முதியவர்கள். மாட்டுக்குப் போடும் 30 சென்ட் நிழலில் அவர்களும் நிற்பார்கள். பேரிடர் நிதியைச் சந்தைத் திடலுக்குக் கேட்க இது போதுமான காரணம்.

ஒன்றிய அரசின் அடுத்த விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திடல் உள்ளாட்சியுடையது, ஏல நிபந்தனைகளை எழுதுவதும் உள்ளாட்சிதான். தலைக்கு இத்தனை சதுர மீட்டர் நிழல், இத்தனை லிட்டர் தண்ணீர், விற்ற மாடு வாயிலைத் தாண்டும்வரை குத்தகைதாரர் பொறுப்பு, ஒரு மரம் காய்ந்தால் வைப்புத்தொகையில் இவ்வளவு பிடித்தம் என்று நான்கு வரி சேர்த்தால் போதும். செலவு ஏலத் தொகையில் கழியும், ஊராட்சிக்குக் கொஞ்சம் வருவாய் குறையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். குத்தகை ஆண்டு பொதுவாக ஏப்ரலில் தொடங்குகிறது, ஏலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். எனவே சந்தை நடக்கும் ஊராட்சிகளில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டிய கிராம சபை ஜனவரி 26-இல் கூடுவது. மார்ச் 22 கூட்டத்துக்கு விட்டால் ஏலம் முடிந்திருக்கும், இன்னொரு கோடை போய்விடும்.